முழுத் தாடை எக்ஸ்ரே படமும் அதனைப் படிக்கும் முறையும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

    

கல்வியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். சங்கச் செயலாளர் எங்களை அழைத்தபோதே, “பல் துலக்குவது எப்படி என்று மட்டும் பேசிவிடாதீர்கள், அதை ஆரம்பப் பள்ளியிலேயே கேட்டாயிற்று” என்று கூறிவிட்டார். ஆகவே துலக்குவதை விட்டுவிட்டுப் படிப்பதைப் பற்றியே பேச எண்ணினோம். நாங்கள் படிக்கச் சொல்வது நூலன்று. ஓர் எக்ஸ்ரே படம். பல் மருத்துவரிடம் சென்று திரும்பியவர்கள் “ஓ.பி.ஜி. எடுத்து வரச் சொன்னார்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு தாடைகளையும், எல்லாப் பற்களையும், காதோரத்துத் தாடை மூட்டுகளையும் ஒரே நீண்ட படமாகக் காட்டுவதே அந்த ஓ.பி.ஜி. ஆகும்.

இந்த அவையில் பல் மருத்துவம் பயில்வோரும், எக்ஸ்ரே நுட்பப் பயிற்சி பெறுவோரும் அமர்ந்திருக்கின்றனர். மற்றையோர் என்றேனும் ஒருநாள் நோயாளியாகவோ, நோயாளியை அழைத்துச் செல்பவராகவோ அப்படத்தைக் கையில் ஏந்தப் போகின்றவர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே பேசுகின்றோம்.

முதலில் அப்படம் உருவாகும் விதத்தைச் சொல்லிவிடுகின்றோம். நம் செஞ்சிக் கோட்டை 2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டை காண வருவோர் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கைப்பேசியை மெல்லச் சுழற்றிப் படமெடுப்பதை நாம் பார்க்கின்றோம். வளைந்து கிடக்கும் மதிலும் குன்றுகளும் அப்படத்தில் ஒரே பட்டையாக நீண்டு விரிந்துவிடுகின்றன. தாடைப் படமும் ஏறத்தாழ அத்தகையதே. ஆனால் இங்கே கருவி நடுவில் நிற்பதில்லை. தலையைச் சுற்றி வருகின்றது. கதிர்க்குழல் பிடரிப் பக்கமாகவும், படத்தைப் பதிந்துகொள்ளும் பகுதி முகத்திற்கு முன்னாகவும் ஒருங்கே சுழல்கின்றன. கதிர் மெல்லிய கீற்றாகப் பாய்கின்றது. குதிரை லாடம் போன்று வளைந்த ஒரு குறுகிய பட்டைக்குள் அமைந்தவை மட்டுமே தெளிவாகப் பதியும். அப்பட்டைக்கு முன்னும் பின்னும் இருப்பவை கலைந்து மங்கிவிடும். இந்த லாடப் பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் பயன் வரும்.

ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 ஆம் ஆண்டு நவம்பரில். சில வாரங்களிலேயே, 1896 இல், ஜெர்மனியில் வால்காப் என்னும் பல் மருத்துவர் தம் வாய்க்குள் தகட்டை வைத்துப் பற்களைப் படமெடுத்தார். 25 நிமிடம் அசையாது இருக்க வேண்டியிருந்ததாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்பார் இத்துறைக்கு வழிகாட்டி, கதிரின் தீங்கு அறியாமல் தம் கையையே அதன் எதிரில் பலகாலம் நீட்டி, விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்து, 1928 இல் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். முழுத் தாடையையும் ஒரே படத்தில் கொண்டுவரும் முறையை ஜப்பானில் நுமாட்டா 1930களில் முயன்றார். பின்லாந்து நாட்டுப் பல் மருத்துவர் பாட்டெரோ 1940களின் இறுதியிலும் 1950களிலும் அதனைச் செம்மையாக்கினார். இன்று திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நாம் தலையை வைத்து நிற்கும் கருவி அவர் வழிவந்ததே.

இனி, எங்கள் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பணியின் தொடக்க ஆண்டுகளில், நடவு வேலைக்குச் செல்லும் தாயார் ஒருவர் வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி என்று வந்தார். ஓ.பி.ஜி. எடுத்து வருமாறு சொன்னோம். அதற்கெனப் பேருந்தேறிச் சென்று வந்ததில் அவருக்கு ஒருநாள் கூலியும் போயிற்று. படத்தைச் சாளர வெளிச்சத்தில் பிடித்து, வலித்த பல்லைப் பார்த்தோம். வேர் நுனியில் கருநிழல் தெரிந்தது. பல்லைப் பிடுங்கினோம், வலி தீர்ந்தது, அவரும் வாழ்த்திவிட்டுச் சென்றார்.

ஏறத்தாழ மூன்றாண்டு கழித்து அவரே மீண்டும் வந்தார். இடப்பக்கத் தாடை வீங்கியிருந்தது. வேர்க்கடலை மெல்லும்போது ‘மளுக்’ என்று ஓர் ஒலி கேட்டதாகவும், அதன்பின் பல் பல்லோடு பொருந்தவில்லை என்றும் சொன்னார். தாடை முறிந்திருந்தது. அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. குடும்ப அட்டையோடு சேர்த்து அந்தப் பழைய படத்தையும் அதில் பத்திரமாக வைத்திருந்தார். அதே சாளரத்தில் அதனை மீண்டும் பிடித்தோம். இடப்பக்கக் கோடியில், முளைக்காமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்த ஞானப்பல்லின் தலையைச் சுற்றிப் புளியங்கொட்டை அளவிற்கு ஒரு கருநிழல், மெல்லிய வெண்கோட்டு விளிம்புடன், முதல் நாளே அங்கே இருந்தது. அது நீர்க்கட்டி. “அப்பவே இருந்ததுங்களா டாக்டர்?” என்று கேட்டார். இருந்தது அம்மா என்றோம். வேறு ஒன்றும் எங்களால் சொல்ல முடியவில்லை.

முதற்படத்திலேயே அதனைக் கண்டிருந்தால், பல்லையும் கட்டியையும் எடுக்கும் சிற்றறுவை ஒன்றோடு முடிந்திருக்கும். அரசு மருத்துவமனையில் தாடையின் ஒரு பகுதியையே நீக்க நேர்ந்தது. படம் எதனையும் மறைக்கவில்லை. எங்கள் கண் வலித்த பல்லோடு நின்றுவிட்டது. தேடிய பொருள் கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடும் இவ்வியல்பு மனிதர் எல்லார்க்கும் உண்டு. கதிரியல் நூல்கள் இதற்கொரு தனிப் பெயரே இட்டு எச்சரிக்கின்றன.

இதனை நம் சங்க மேடையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வசதியுடையோர் ஆறு திங்களுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் செல்கின்றனர். ஒருமுறை கண்ணில் தப்பியது மறுமுறை பிடிபட்டுவிடும். நம் சேரி மக்களோ வலி பொறுக்க மாட்டாத நாளில் வருகின்றனர்; வலி நின்றால் திரும்ப வருவதில்லை. கூலியை இழந்து எடுக்கும் அந்த ஒரு படமே பலருக்கும் வாழ்நாளின் ஒரே படம். அதனை அரைகுறையாகப் படிப்பவன் அவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லாமற் செய்கின்றான். பட்டாவையும் பத்திரத்தையும் நான்கெல்லை படித்துப் பாராமல் கைநாட்டு வைத்து நிலமிழந்தவர் கதை நம் வீடுகளில் எத்தனை! சங்கத்து இளைஞர்கள் இரவுப் பள்ளியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முதியோர்க்குப் பத்திரம் படித்துக் காட்டிய கதையைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அந்தக் கண்தான் இங்கும் வேண்டும்.

அன்று முதல் நாங்கள் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டோம். வலிக்கும் பல்லை இறுதியில்தான் பார்ப்பது என்பதே அது.

படத்தைக் கையிலெடுத்ததும் பெயரையும் நாளையும் இட வலக் குறியையும் பார்க்க வேண்டும். நோயாளி நம் எதிரே நின்று நம்மை நோக்குவது போலவே படம் அமையும். அவருடைய வலப்பக்கம் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். இது சிறு செய்தி போலத் தோன்றும். பக்கம் மாற்றிப் பல் பிடுங்கிய கதைகள் உலகெங்கும் உண்டு.

அடுத்து எலும்பு. காதுக்கு முன்னுள்ள தாடை மூட்டின் குமிழில் தொடங்கி, பின்விளிம்பு வழியே இறங்கி, தாடைக் கோணத்தைச் சுற்றி, கீழ்விளிம்பு வழியாக மோவாயைக் கடந்து, மறுபக்கக் குமிழ் வரை விரலால் தடவிக்கொண்டே செல்ல வேண்டும். ஏரிக்கரையைப் பார்வையிடுகின்றவர் ஒரு மதகிலிருந்து மறுகோடி வரை நடந்தே தீர வேண்டுமல்லவா? வண்டியில் இருந்தபடியே ‘கரை நன்றாக இருக்கின்றது’ என்று எழுதிவிட முடியாது. அதுபோன்றதே இதுவும். கோடு எங்கேனும் அறுந்திருக்கின்றதா, படி போல ஏறி இறங்குகின்றதா, ஒருபக்கம் பருத்திருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இயற்கை பெரும்பாலும் இரு பக்கத்தையும் ஒன்றுபோலப் படைத்திருக்கின்றது.

விபத்தில் வருவோருக்கு இந்நடை மிகவும் இன்றியமையாதது. திண்டிவனம் – திருவண்ணாமலைச் சாலையில் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து, மோவாயில் மட்டும் வெட்டுக் காயத்தோடு வரும் இளைஞர்களை நாங்கள் அறிவோம். கீழ்த்தாடை வளையல் போன்ற அமைப்புடையது. வளையல் ஓரிடத்தில் மட்டும் உடைவது அரிது. மோவாயில் விழுந்த அடி தாடை வழியே ஏறி, காதோரத்துக் குமிழ்களில் ஒன்றையோ இரண்டையுமோ முறித்துவிடும். மோவாய்க் காயத்திற்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டால், சில திங்களில் வாய் திறக்க முடியாத நிலை வரலாம். ஆகவே ஒரு முறிவு கண்டால் இரண்டாவதைத் தேடு என்பது இத்துறையின் பால பாடம். பாதித் தலைக்கவசம் மோவாயைக் காக்காது என்பதையும் இளைஞர்கள் கருத வேண்டும்.

கோட்டையைப் பற்றி இங்கே ஒரு சொல். செஞ்சிக்கு மூன்று குன்று என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றுக்கு அருகே சிறு குன்று ஒன்று உண்டு. பழைய நூல்கள் அதனைச் சக்கிலி துர்க்கம் என்று ஒரு சாதியின் பெயராலேயே குறிக்கின்றன. கோட்டை காண வருவோரில் எத்தனை பேர் அதனை எண்ணிக்கையில் சேர்க்கின்றனர்? தாடைப் படத்திலும் கோடியில் ஒதுங்கிக் கிடக்கும் பகுதிகளே எண்ணப்படாமல் போகின்றன. எங்களிடம் தப்பிய கட்டியும் கோடியில்தான் இருந்தது.

தாடை எலும்பின் உள்ளே இரு மெல்லிய வெண்கோடுகளுக்கு இடையே ஒரு குழாய் செல்வது தெரியும். கீழுதட்டிற்கு உணர்ச்சி தரும் நரம்பு அதில் ஓடுகின்றது. ஞானப்பல்லின் வேர் அதன்மேல் படிந்திருக்கும் இடத்தில் வேர் கறுத்துத் தோன்றினாலும், குழாயின் வெண்கோடு அறுந்தாலும், குழாயே வளைந்து விலகினாலும், பல்லும் நரம்பும் நெருங்கியிருக்கின்றன என்பது பொருள். அப்பல்லை எடுத்தால் உதடு மரத்துப்போக நேரலாம் என்று நோயாளியிடம் முன்னரே சொல்ல வேண்டும். தேவையாயின் கோன் பீம் சி.டி. எடுத்துத் தெளிய வேண்டும்.

கருநிழல்கள் எல்லாம் ஒன்றல்ல. வேர் நுனியில் நிற்பது பெரும்பாலும் சொத்தையின் விளைவு. முளைக்காத பல்லின் தலையைச் சூழ்ந்து நிற்பது வேறுவகைக் கட்டி. சோப்பு நுரை போலப் பல அறைகளாகப் பிரிந்து, அருகிலுள்ள வேர்களையும் கரைத்துக்கொண்டு, கீழ்த்தாடையின் பின்பகுதியில் பரவுவது அமிலோபிளாஸ்டோமா என்னும் கட்டியாக இருக்கலாம். அது புற்றுநோய் போல விரைந்து பரவுவதில்லை, வலியும் தருவதில்லை. வலி இல்லாமையே அதன் கேடு. வலியில்லாத வீக்கத்திற்காக எந்தக் கூலியாள் ஒருநாள் வேலையை விடுவார்? எலும்பைத் தின்று முகம் கோணிய பின்னரே வருகின்றனர். படம் ஐயத்தைத்தான் எழுப்பும். கட்டியின் பெயரைத் துணுக்கு எடுத்து ஆய்ந்தே சொல்ல இயலும். எனினும் ஐயம் எழுந்தால்தானே அடுத்த படி?

மேல்தாடையில், மூக்கின் இருபுறமும் சைனஸ் என்னும் காற்றறைகளின் தரைக்கோடு தெரிய வேண்டும். ஒருபக்கம் மட்டும் மங்கியிருந்தாலும், தரைக்கோடு அரிக்கப்பட்டிருந்தாலும் காலந்தாழ்த்தாது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். வயது முதிர்ந்த தாய்மார்களின் படத்தில் கீழ்த்தாடையின் அடிவிளிம்பு மெலிந்து அரித்தது போலத் தோன்றினால், உடலெங்கும் எலும்பு நலிந்திருக்கக்கூடும் என்று கருதிப் பரிசோதனைக்கு அனுப்பலாம். இவை முடிந்தபின் பல்லைத் தாங்கும் எலும்பின் உயரம். புகையிலை அடக்குவோர்க்கு அது தாழ்ந்து கிடப்பதைப் பெரிதும் காண்கின்றோம். பிறகு பற்களை எண்ணுதல். ஆம், 32 என்று விரல்விட்டு எண்ணுதல். இல்லாத பல் பிடுங்கப்பட்டதா, உள்ளே புதைந்திருக்கின்றதா என்று கேட்டறிதல். எல்லாம் ஆனபின், வலிக்கும் பல்.

படம் எடுக்கும் நுட்பப் பயிற்சி பெறுவோர்க்குச் சில சொற்கள். லாடப் பட்டையை நினைவில் வைக்கச் சொன்னோம். நோயாளி பட்டைக்கு முன்னே நகர்ந்து நின்றால் முன்பற்கள் குறுகித் தோன்றும். பின்னே நின்றால் அகன்று பருக்கும். மோவாயைத் தாழ்த்தினால் படம் மிகையாகச் சிரிக்கும், உயர்த்தினால் தட்டையாகும். காதில் தோடு இருந்தால், அது மறுபக்கத்தில் சற்று உயரே பெரிதாகவும் மங்கலாகவும் ஒரு பேய்நிழலை விழச் செய்து, காற்றறையில் கட்டி என்று மயங்க வைக்கும். கழற்ற வராத மூக்குத்தியோடு வரும் பாட்டிமாரிடம் கடுமொழி வேண்டா. சற்று எண்ணெய் தொட்டுத் திருகினால் வரும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைக்கச் சொல்லாவிடில், இடைப்பட்ட காற்று மேற்பல் வேர்களின்மீது கரும்பட்டையாக விழும். வாழ்நாளெல்லாம் தலைச்சுமை தூக்கிக் கழுத்து குனிந்துபோன முதியவரை ‘நேராக நில்’ என்று அதட்டுவதால் முதுகெலும்பு நிமிர்ந்துவிடாது. குனிந்த கழுத்தெலும்பு படத்தின் நடுவே வெண்தூணாக நிற்கும். அவரை அமர்த்தி, இயன்ற அளவு நிமிர்த்தி எடுக்க வேண்டும். முன்பற்களைத் தனிச் சிறு படமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படத்தால் ஆகாதவையும் உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே தொடங்கும் சொத்தையை இது நன்கு காட்டாது. அதற்கு வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படமே ஏற்றது. உருவங்கள் இயல்பைவிடப் பெருத்துத் தோன்றுவதால் அளவுகோல் வைத்து அளப்பது தவறு. எல்லாவற்றினும் முக்கியமானது இது: வாய்ப் புற்றுநோய் நாக்கிலும் கன்னத்திலும் ஈற்றிலும் தொடங்குகின்றது, எலும்பை அரிக்கும் வரை எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே படம் நன்றாக இருக்கின்றது என்பதால் வாய் நன்றாக இருக்கின்றது என்று ஆகாது. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணை நேரில் காட்டியே தீர வேண்டும்.

கதிருக்கு அஞ்சுவோர் உண்டு. கெல்ஸ் காலத்துக் கதிரன்று இது. இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில நாட்களில் நம் உடலிற் படும் அளவே ஒரு ஓ.பி.ஜி. படத்தில் சேர்கின்றது. ஆயினும் தேவையின்றி எடுத்தல் கூடாது. கருவுற்ற பெண்கள் அதனை முன்னரே சொல்லிவிடுதல் நன்று.

குழந்தைகளின் படத்தில் பாற்பற்களும், அவற்றின் அடியில் காத்திருக்கும் நிலைப்பற்களும் ஒருங்கே தெரியும். சென்னையில் 2019 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து பை போன்ற ஒரு கட்டியை எடுத்தனர். அதனுள் இருந்தவை சிறியவும் பெரியவுமாக 526 பற்கள். சிறுவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே பெற்றோர் வீக்கத்தைக் கண்டிருந்தனர். அக்காலத்தில் படமெடுக்க அவன் ஒத்துழைக்கவில்லை. பின்னர் எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 2014 இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞன் ஒருவனிடமிருந்து இதே வகைக் கட்டியில் 232 பற்கள் எடுக்கப்பட்டன. உரிய காலத்தில் முளைக்க வேண்டிய பல் முளைக்கவில்லையென்றால், ‘மெதுவாக வரும்’ என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

பற்கள் வயதையும் சொல்லும். மான்ட்ரியல் நகரத்து டெமிர்ஜியனும் அவர்தம் குழுவினரும் 1973 இல், கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களும் வளர்ந்து முடியும் நிலைகளை எட்டாகப் பகுத்து, இப்படத்தைக் கொண்டே குழந்தையின் வயதை மதிப்பிடும் முறையை வகுத்தனர். செங்கற் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மீட்கப்படும், பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கு இது பெரிதும் தொடர்புடையது. ஆனால் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 94 ஆம் பிரிவின்படி, முதலில் பள்ளிச் சான்று. அஃதின்றேல் நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதே மருத்துவ முறை. ஞானப்பல்லோ ஆளுக்கு ஆள் பல ஆண்டுகள் முன்பின்னாக வளர்வது. ஆகவே பல்லை நம்பிப் பள்ளிச் சான்றை வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

இறுதியாக, நோயாளியாகச் செல்வோர் செய்யத் தக்கது. மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெற்றோர் கருதினர். கேட்டால் ஏச்சுக் கிடைக்கும் என்பதே அவர்கள் கண்ட வாழ்க்கை. நீங்கள் பணிவோடு, “இந்தப் படத்தில் வேறு ஏதேனும் தெரிகின்றதா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி மருத்துவரின் கண்ணைப் படத்தின் மறுகோடிக்கு அழைத்துச் செல்லும். படத்தை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கைப்பேசியில் அனுப்பப்படும் படம் சுருங்கி நுட்பம் இழந்துவிடுகின்றது. அச்சிட்ட படத்தையோ மூலக் கோப்பையோ கேட்டு வாங்கி, பட்டா வைக்கும் இடத்தில் வையுங்கள். அந்தத் தாயார் வைத்திருந்ததனால்தான் கட்டி எத்தனை காலத்தது என்று அறுவை மருத்துவர்கள் அறிய முடிந்தது.

இவ்வரங்கின் மேற்குச் சாளரத்தில் ஆறு படங்களை ஒட்டி வைத்திருக்கின்றோம். பெயர்களை நீக்கிவிட்டோம். அத்தாயாரின் முதற்படமும், அவர் இசைவு பெற்று, அவற்றுள் ஒன்றாக உள்ளது. எது என்று இப்போது சொல்லப் போவதில்லை. பொழுது சாய்வதற்குள், வெளிச்சம் இருக்கும்போதே, மாணவர்கள் முதலில் சென்று பார்க்கட்டும். நாங்கள் அங்கேயே நிற்கின்றோம்.